புராஜெக்ட் பிள்ளைகளும் ஒரே ஒரு டெலிபோன் லைனும்

பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இண்டர்நெட்டில் தேடிப் படிக்க உதவுகிற தொழிலில் பதில் கிடைப்பதெல்லாம் கடைசிக் காரியம். முதலில் லைன் கிடைக்க வேண்டும், பிறகு பிள்ளையின் வாயிலிருந்து கேள்வி கிடைக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில் கோயமுத்தூரில் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த சிவசாமி அண்ணன், அதில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, கம்ப்யூட்டர்களை இறக்கி, பிரவுசிங் சென்டர் ஆக்கினார். மெட்ரிக் பள்ளிகளில் புராஜெக்ட் என்ற வியாதி பரவிக்கொண்டிருந்த காலம் அது. "பிள்ளைங்க வருதுங்க அம்மணி. என்ன தேடறதுன்னு தெரியாம நடிகருங்க படத்தப் பாத்துட்டுப் போயிருதுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொன்னாப் போதும்" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

சாயங்காலம் பசியோடு வந்த ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னதான் வேணும் கண்ணு?" என்று பொறுமையாகக் கேட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். நீங்கள் பட்டதும் நான் பட்டதும் ஒன்றுதான். கேளுங்கள்.

பெண்ணுக்கு என்ன வேலை

வேலையில் சேர்ந்த புதிதில் கோபிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். நான் காப்பி கொடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது. "புள்ள என்னுங்க வேலைக்குப் போகுது?" என்று அப்பாவிடம் கேட்டார். என் வேலை என்னவென்று அப்பாவுக்கே அதுவரை சரியாகப் பிடிபடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பள்ளிக்கூடத்துக் கொழந்தைங்களுக்காகத் தேடற வேலைங்க. கம்ப்யூட்டர்லயே தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்துருதுங்க" என்றார்.

பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டதைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சம்பந்தம் ஜாதகத்தில் நின்றுபோனது வேறு கதை. ஆனால் என் தொழிலுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அதற்குப் பிறகு கிடைத்ததே இல்லை. அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "பெரிய புண்ணியமுங்க அம்மணி. காணாமப் போன கொழந்தைங்க இதுவரைக்கும் எத்தனை கெடச்சுதுங்க?"

யானைக்குக் கால்

எங்கள் சென்டருக்கும் மாடியில் சிவசாமி அண்ணன் வீட்டுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன். கீழே மோடம் கத்தி, கீச்சிட்டு, ஒருவழியாக இணைப்புக் கிடைத்திருக்கும். மேலே அவர் மனைவி சரோஜாக்கா பொள்ளாச்சியில் இருக்கிற தன் அக்காவோடு பேச ரிசீவரை எடுப்பார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

தீபா மூன்றாம் வகுப்பு. ஆப்பிரிக்க யானைக்கும் நம் ஊர் யானைக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத வந்திருந்தாள். படம் மேலிருந்து கீழாக, பாய் விரிப்பதுபோல மெல்ல மெல்ல இறங்கும். முதலில் வானம். பிறகு ஒரு காதின் நுனி. "காது பெரிசு" என்று எழுதிக்கொண்டாள். கண் வந்தது, தந்தம் வந்தது, வயிறு பாதி வந்தது. லைன் அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து வானம். மறுபடியும் வயிற்றோடு நின்றது. "மிஸ், இந்த யானைக்குக் காலே இல்லைங்களா?" என்று அவள் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. நான் மாடிப்படியில் பாதி ஏறி விஷயத்தைச் சொன்னேன். ஒரு யானைக்கும் தன் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கச் சரோஜாக்காவே கீழே இறங்கி வந்தார். தீபாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வானத்திலிருந்து ஆரம்பித்து, முழங்கால், நகம், கீழே புல் வரைக்கும் இருவரும் இமைக்காமல் பார்த்தார்கள். "போன் பேசணும்னா இப்பப் பேசிக்குங்கக்கா" என்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடுத்து நம்மூரு யானையும் பூராவும் எறங்கட்டும் கண்ணு, எங்கக்கா எங்க போயிரப் போறா."

மனைவிக்கு நன்றி

சதீஷ் எட்டாம் வகுப்பு. அவன் அப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். புலிகளைப் பற்றிய புராஜெக்டுக்கு அவன் வந்த அன்று நான் லீவு. தானாகவே தேடி, முதலில் கிடைத்த பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதினான். உண்மையிலேயே ஒரு எழுத்து விடவில்லை. "மேலே செல்ல இங்கே அழுத்தவும்" என்பதையும் எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தை உருவாக்கியவர் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற ஆராய்ச்சியாளர். கடைசியில், பல வருடங்கள் தான் காட்டிலேயே கிடந்தபோது வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும், இரண்டு மகள்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார். சதீஷும் சொல்லிவிட்டான்.

அறிவியல் மிஸ் அதை வகுப்பில் சத்தமாக வாசித்துவிட்டார். இரண்டு நாள் அவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தானாம். மூன்றாம் நாள் அவன் அப்பா, கையில் கிரீஸ் கறையோடு, அவனையும் இழுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் புராஜெக்டின் கடைசிப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். தலையைக் குனிந்து நின்ற சதீஷைப் பார்த்தார். முகத்தை எவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டாலும் மீசைக்குக் கீழே சிரிப்பு ஒழுகியது. சதீஷும் அதைப் பார்த்துவிட்டான். அந்த வாரத்தில் முதல் முறையாக அவனும் சிரித்தான். "ஏனுங்க அம்மணி, பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமயே கல்யாணம் பண்ணி ரெண்டு புள்ளையும் பெத்துப்போட்டானுங்களே, இதக் கேக்க மாட்டீங்களா?"

எரிமலை வெடித்த விதம்

சதீஷின் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு விதி போட்டேன். திரையில் படித்ததைப் பிள்ளை தன்னைக் கூட்டி வந்தவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவருக்குப் புரிந்தால்தான் பிரிண்ட்.

ராஜாமணியம்மா சோமனூரிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார். வீட்டோடு விசைத்தறி. பகல் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவர். அவர் "தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டாலே தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கிற பெண்கள் ஒரு எழுத்துத் தப்பாக அடித்துவிடுவார்கள். மகன் ரமேஷோ காற்றைப்போலப் பேசுவான். அன்றைக்கு எரிமலை. அவன் சொல்லச் சொல்ல, "கேக்கல... கேக்கல..." என்றார் அம்மா. பிறகு, "அத்தனை நெருப்பு வந்துச்சே, அந்த ஊருச் சனமெல்லாம் எங்கடா போச்சு?" என்றார். ரமேஷுக்குத் தெரியவில்லை, அவன் அதைத் தேடவே இல்லை. மறுபடி உட்கார்ந்தோம். சாம்பல் விழுந்த மண் நன்றாக விளையும் என்பதால் சனங்கள் திரும்பி வந்து அதே சரிவிலேயே குடியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் கிடைத்தது. இப்போது ரமேஷுக்குச் சூடு பிடித்துவிட்டது. எழுந்து நின்று, கையை விரித்து, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான். அம்மா பதிலுக்குக் கேட்டார். சென்டர் முழுவதும் எரிமலை. டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. சிவசாமி அண்ணன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க, சித்த மெதுவாப் பேசுனா நல்லா இருக்குமுங்க" என்றார். ராஜாமணியம்மா மரியாதையாகச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்களுக்கு இதுதானுங்க மெதுவு. பின்ன, எரிமலை என்ன குசுகுசுன்னாங்க வெடிக்கும்?"

பன்னிரண்டா, பதினாறா

கார்த்திகா ஏழாம் வகுப்பு. வியாழன் கிரகத்துக்குப் பதினாறு நிலா என்று என்னோடு உட்கார்ந்து தேடி எழுதிக்கொண்டு போனாள். அவள் டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்துப் பன்னிரண்டு என்று திருத்திவிட்டார். புத்தகத்தில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. "இண்டர்நெட்ல பாத்தேன் மிஸ்" என்று இவள் சொல்ல, "அதுல யாரு வேணா என்ன வேணா எழுதலாம்" என்று அவர் சொல்ல, கார்த்திகா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். டீச்சர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் ஒன்றுக்கு மூன்று இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்வேன். "டீச்சரையே ஒரு நாள் கூட்டிட்டு வாயேன்" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை குடையை மடக்கிக்கொண்டு மரகதம் டீச்சர் வந்தார். ஓய்வு பெறுகிற வயது. "எங்கம்மா அந்த நாலு நிலா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். விண்கலம் எடுத்த படங்களைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு நிலாவின் பெயரையும் உதட்டுக்குள் வாசித்தார். புத்தகம் எழுதிய காலத்துக்குப் பிறகு கண்டுபிடித்தவை என்று தேதியைக் காட்டினேன். வேறு இரண்டு இடங்களிலும் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை வருடம், எத்தனை வகுப்புக்குப் பன்னிரண்டு என்று சொல்லியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு என்னவோபோல் இருந்தது. "இந்தப் பதினாறும் நாளைக்கு மாறலாங்க மிஸ். தேடிக்கிட்டேதான் இருக்காங்க" என்றேன், ஆறுதலாக. அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திங்கட்கிழமை சாயங்காலம் கார்த்திகா மூச்சிரைக்க ஓடி வந்தாள். சிவப்பு மைக்கு மேல் பச்சை மையில் சரி போட்டிருந்தது. டீச்சர் வகுப்பு முழுவதையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னாராம்: "பரிச்சையில பன்னெண்டுன்னே எழுதுங்க, திருத்தறவங்ககிட்டப் புத்தகம்தான் இருக்கும். ராத்திரி வானத்தப் பாக்கறப்ப மட்டும் பதினாறுன்னு நெனைச்சுக்குங்க."

குறுக்கே பேசாதவர்

பிரபு ஒன்பதாம் வகுப்பு. பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே நாக்குச் சிக்கிக்கொள்ளும். அவன் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் எல்லோரும் அவன் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். அது பெரும்பாலும் அவன் சொல்ல வந்ததாக இருக்காது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு எறும்புகள் என்றால் உயிர். வேண்டியதைச் சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டுவான். ஒரு நாள் சீட்டில் இருந்த கேள்விக்கு எங்கு தேடியும் பதில் கிடைக்கவில்லை: மழைத் தண்ணீர் புற்றுக்குள் புகுந்தால் எல்லா எறும்பும் வெளியே வருமா, கடைசியாக வருவது யார்? நான் படித்த விலங்கியலிலும் அதற்கு விடை இல்லை. எறும்புகளையே ஆராய்ச்சி செய்கிற ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் பக்கத்தில் அவருடைய இ-மெயில் முகவரி இருந்தது. "நீயே கேட்டு எழுதேன்" என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, அழித்து, மறுபடி அடித்து, அந்தச் சாயங்காலம் முழுவதும் எழுதினான். நான் கை வைக்கவில்லை.

பதில் வராது என்றுதான் எனக்குப் பயம். தினமும் வந்து பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். பிறகு ஒரு நாள் வந்தது. சும்மா இரண்டு வரி இல்லை; திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டிய நீளம். சில வகை எறும்புகள் வெள்ளத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தெப்பம்போல மிதக்கும், ராணியையும் குஞ்சுகளையும் நடுவில் வைத்துக்கொள்ளும் என்று விவரமாக எழுதியிருந்தார். உங்கள் ஊர் எறும்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, அடுத்த மழையில் நீ பார்த்து எனக்கு எழுது என்று முடித்திருந்தார். பிரபு அதை இரண்டு முறை படித்தான். என் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்து நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். நேரம் ஆனது. ஆனால் முழுசாக வந்தது: "இவரு நான் முடிக்கற வரைக்கும் குறுக்க பேசவே இல்லைங்க மிஸ்."

திங்கட்கிழமை நோய்

சுமதி பத்தாம் வகுப்பு. தொழிலும் உடல்நலமும் என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். அவள் அப்பா ஆறுமுகம் ஒரு நூல் மில்லில், பஞ்சை உடைத்துத் தூசி தட்டுகிற புளோரூமில் வேலை பார்த்தார். "அப்பா வேலையையே எடுத்துக்கலாமே" என்றேன். பஞ்சுத் தூசி என்று தேடினோம். ஒரு மருத்துவப் பக்கத்தைச் சுமதி வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள் நெஞ்சை இறுக்கும், இருமல் வரும், மறுநாள் தேவலாம் போலிருக்கும், கவனிக்காமல் விட்டால் நாளடைவில் எல்லா நாளும் வரும் என்று போட்டிருந்தது. சுமதியின் விரல் திரையை விட்டு நகரவில்லை. "மிஸ், எங்கப்பாவுக்குத் திங்கக்கெழமைதான் வரும். வேலைக்குப் போகச் சோம்பல் பட்டுட்டு நடிக்கறாருன்னு நாங்க எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன்" என்றாள். இந்தப் பெட்டி உன் அப்பாவைப் பார்த்ததில்லை, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லி, பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ஆறுமுகமே வந்தார். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. நோயைவிட வேலையைப் பற்றித்தான் அவருக்குப் பயம். "மில்லுக்குத் தெரிஞ்சா நிறுத்திப்போடுவாங்க அம்மணி. புள்ள படிக்கோணும்" என்றார். நான் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, "திங்கக்கெழமைன்னு அதுக்கெப்படிங்க தெரிஞ்சுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பஞ்சு மில் இருக்கிற எல்லா ஊரிலும் இது வந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றேன். அதைக் கேட்டதும் தோள் கொஞ்சம் இறங்கினமாதிரி இருந்தது. சுமதிதான் விடாமல் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், ஆனால் தூசியை விட்டு வெளியே வந்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு யூனியன் ஆட்கள் அலைந்து அலைந்து, கடைசியில் நூல் கட்டி அடுக்குகிற பக்கத்துக்கு அவரை மாற்றினார்கள். இருமல் அடியோடு போகவில்லை, இறுக்கம் குறைந்தது. சொல்லிவிட்டுப் போக ஒரு சாயங்காலம் வந்தார். சுமதி உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கூட்ல எல்லாரும் நல்லவங்கதானுங்க. ஆனா நான் சோம்பேறி இல்லைன்னு மொதல்ல ஒத்துக்கிட்டது இந்தப் பொட்டிதானுங்க அம்மணி."

இல்லாத ஊர்

அன்னூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அங்கிருந்து ஒரே பஸ்ஸில் வந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள் சுகன்யாவும் எஸ்தரும். சுகன்யாவின் அப்பா நடராஜண்ணன் சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த விவசாயி, அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். எஸ்தர் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், காலனியில். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். இப்போது அப்பா லாரி ஓட்டினார். எங்கள் ஊர் என்ற தலைப்பில் இருவரும் சேர்ந்து புராஜெக்ட் செய்ய வேண்டும். பெண்பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் கடையில் தனியாக விடுவதா என்று நடராஜண்ணன் கூடவே வந்து பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊர்ப் பெயரை அடித்துத் தேடினோம். ஒன்றுமே இல்லை. எழுத்தை மாற்றிப் பார்த்தோம், இல்லை. நடராஜண்ணனுக்கு மனசு பொறுக்கவில்லை. "இல்லைன்னா என்னுங்க அர்த்தம்? அப்ப நாங்க எங்கிருந்துங்க வாரோம்?" என்றார். இல்லாவிட்டால் நாமே ஒரு பக்கம் போடலாம், இண்டர்நெட்டில் இலவசமாக இடம் கொடுக்கிறார்கள் என்றேன். கண்ணால் பார்த்ததை, கேட்டு விசாரித்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் நான் சொன்னது.

சுகன்யா கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் வாரச் சந்தையையும் எழுதினாள். எஸ்தர் தன் தெருவையும், தேவாலயத்தையும், சென்னிமலைக்கு நெசவு வேலைக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணன்களையும் எழுதினாள். பக்கம் ஆங்கிலத்தில் இருந்ததால், நடராஜண்ணனுக்காக சுகன்யா தமிழில் படித்துச் சொன்னாள். அவர் மீசையை நீவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் சுகன்யா நிறுத்திவிட்டாள். எஸ்தரைப் பார்த்தாள். "படி" என்றாள் எஸ்தர். சுகன்யா படித்தாள்: "காலனியில் குடிதண்ணீர்க் குழாய் இல்லை. பெண்கள் ரோட்டைத் தாண்டிப் போய்க் குடத்தில் பிடித்து வருகிறார்கள். போன வருடம் ஒரு அம்மாவை வண்டி தட்டிவிட்டது." நான் நடராஜண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நினைத்தால் இரண்டு பெண்களின் படிப்பும் அங்கேயே முடிந்துவிடும். "இத யாரு வேணாப் படிக்கலாமுங்களா அம்மணி?" என்றார் என்னிடம். "யார் வேணாலும் படிக்கலாங்க." "கலெக்டரு?" "அவருக்கு லைன் கிடைச்சாப் படிக்கலாங்க." அவர் எஸ்தர் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, இத எழுதித்தான் ஆகோணுமா?" என்றார். எஸ்தர் தலையைக் குனியவில்லை. "நடந்ததுதானுங்களே" என்றாள். அப்போது சுகன்யா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பொய்யின்னாச் சொல்லுங்கப்பா, எடுத்தர்றோம்." நடராஜண்ணன் எழுந்து வெளியே போய்த் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க பக்கம், நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். இரண்டு பேரும் மவுஸின் மேல் சேர்ந்து கை வைத்து அழுத்தினார்கள், பக்கம் அந்த வரியோடேயே ஏறியது.

மறுவாரம் அவர்களை அனுப்பமாட்டார் என்று நினைத்தேன். அனுப்பினார்; ஆனால் கூட வரவில்லை. காலனிக்குக் குழாயில் தண்ணீர் வந்தபோது அடுத்து வந்த கோடை பாதி போயிருந்தது, தண்ணீர் வந்த வாரத்திலேயே அந்த வரியும் போய்விட்டது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. நடராஜண்ணன் பல மாதம் கழித்து, வெள்ளை வேட்டி சட்டையில், முகம் நிறையச் சிரிப்போடு சென்டருக்குள் வந்தார். பிள்ளைகள் இருவரும் உள்ளேதான் இருந்தார்கள். "அம்மணி, மொதல்ல அந்த வரிய அழிச்சுப்போடுங்க. காலனிக்குக் குழாய் பதிச்சாச்சு, லைன் இழுத்தாச்சு" என்றார். எனக்கும் சந்தோஷம். எஸ்தரைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள், எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக அவருக்குப் பதில் சொன்னாள்: "தண்ணி வரட்டுங்க மாமா, வந்த அன்னிக்கே அழிச்சரலாங்க."

இப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புலி, எரிமலை, எறும்பு, வியாழன் என்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை நானே படித்து முடித்தும், எந்தப் பள்ளிக்கூடத்திலும் என் பெயருக்கு ஒரு மார்க்கூடப் போடவில்லை என்பதைத் தவிர எனக்கு அந்த வேலைமேல் வேறு வருத்தம் எதுவும் இல்லை.